அக்கரையான்

சடையன் சொன்னதை நான் நம்புகிறேன். அவன் குப்பத்தில் ஒருத்தரும் நம்பவில்லை என்பது வேறு விஷயம்.

பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்தர் கொடி பறந்த காலம். இளவயதில் சடையன் அவர்களுடைய துணிக்கப்பலில் கூலியாளாக அரபு நாட்டு மோக்கா துறைமுகம் வரை போனான். அங்கே ஓர் அரபு வியாபாரியோடு சேர்ந்து சூயஸுக்குப் போய், ஒட்டகங்களோடு ஆறு நாள் நடந்தான். பின்னால் ஒரு கடல், முன்னால் ஒரு கடல், நடுவில் வெறும் மணல். ஆசியா இங்கேதான் முடிகிறது என்று கப்பலில் ஒல்லாந்தன் சொல்லியிருந்தான். இல்லை, இன்னும் இரண்டு நாள் நடக்க வேண்டும் என்றான் வியாபாரி. வழியில் கிணறு காத்த கிழவனிடம் கேட்டால், "நீ எந்தப் பக்கமிருந்து வருகிறாய்?" என்று திருப்பிக் கேட்டான். அதைத் தெரிந்துகொண்டுதான் பதில் சொல்வானாம்.

ஊர் திரும்பிய சடையன் இந்தக் கதையை வலை உலர்த்தும்போதெல்லாம் சொல்வான். அவன் மனைவி குப்பம்மாளே, "மறுபடியும் ஒட்டகமா?" என்று எழுந்து போய்விடுவாள்.

சடையன் குப்பமும் ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் மணல் திட்டில்தான் இருந்தது. ஏரித் தண்ணீர் கடலில் சேரும் முகத்துவாரம் அந்தத் திட்டை அறுத்துக்கொண்டு ஓடும். புயல் அடித்தால் பழைய வாய் தூர்ந்து வேறிடத்தில் புதுவாய் திறக்கும். கோட்டையில் கரையின் வரைபடம் எழுதும் துரை அந்த வாயை ஒவ்வொரு வருடமும் சுரண்டி அழித்துவிட்டு வேறிடத்தில் எழுதுவாராம். பாவம், மனிதருக்கு வேலை குறைந்ததே இல்லை.

சடையனுக்கு ஐம்பது வயதானபோது வந்த புயல், அவன் குப்பத்துக்குத் தெற்கே வாயைத் திறந்தது. குப்பத்தின் பன்னிரண்டு வீடுகளும் ஒரே நாளில் அக்கரையாகிவிட்டன.

அதனால் என்ன என்று கேட்கலாம். ஏரியில் எவன் எந்த இடத்தில் எந்த நாள் வலை போடுவது என்பதைச் சீட்டுப் போட்டுத்தான் பிரிப்பார்கள். அதற்குப் பாடு என்று பெயர். ஆளுக்கொரு சிப்பி ஓட்டில் தன் அடையாளத்தைக் கீறிச் சட்டியில் போடுவார்கள். முகத்துவாரத்துக்கு அக்கரையில் இருப்பவனுக்கு ஓடு கிடையாது என்பது சட்டம். ஓடு இல்லையென்றால் கடலுக்குத்தான் போக வேண்டும். சடையனுக்கோ முழங்கால் போய்விட்டது. அலையில் படகைத் தள்ள முடியாது.

பாடு போடும் நாளன்று சடையன் தோணியில் தெற்கே வந்தான். தெற்குக் குப்பத்துக்காரரான தலைவர் நாகப்பன் சட்டியின் மேல் கையை வைத்து மூடிக்கொண்டார்.

"நீ அக்கரையான், சடையா."

"எங்க ஊட்டுலேர்ந்து பாத்தா நீங்கதான் அக்கரை. நான் போன மணல்காட்டுலயும் இதே கதைதான். நிக்கிறவன் எங்க நிக்கிறானோ, அங்கேர்ந்துதான் பேரு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நாகப்பன் சிரிக்கவில்லை.

"அந்தச் சட்டத்தப் போட்டது யாருன்னு தெரியுமா? உங்க நைனா. அப்போ அவர்தான் தலைவரு. அப்பவும் வாய் இப்படித்தான் நம்ம ரெண்டு குப்பத்துக்கும் நடுவுல தொறந்துச்சு. எங்க நைனா தேசப்பன் போட்ட ஓட்ட உங்க நைனா எடுத்து மணல்ல வீசிட்டாரு. நான் பக்கத்துல நின்னு பாத்தேன். அந்த வருஷம் எங்க நைனா கடலுக்குப் போனவரு திரும்பல."

தன் அப்பா இப்படிச் செய்தது சடையனுக்குத் தெரியாது. அப்போது அவன் கப்பலில் இருந்தான். உலகத்தின் ஒரு மூலையில் எல்லை பார்த்துக்கொண்டிருந்தவனுக்குத் தன் வீட்டு எல்லை தெரியாமல் போயிருந்தது. அவமானத்தில் அவன் முகம் கறுத்தது.

"எங்க நைனா பண்ணது தப்பு," என்றான். தன் ஓட்டை மடியில் செருகிக்கொண்டு தோணியை நோக்கி நடந்தான்.

"எங்க போற? ஓட்டப் போடு," என்றார் நாகப்பன். "ஆனா முதல்ல எங்க நைனா ஓடு வுழணும். உன் கையால போடு."

சடையன் கீழே குனிந்து ஒரு சிப்பியைப் பொறுக்கினான். தேசப்பனின் அடையாளத்தை நாகப்பன் சொல்லச் சொல்லக் கீறினான். மூன்று கோடு, குறுக்கே ஒன்று. அதைச் சட்டியில் போட்டுவிட்டு, அதன் மேல் தன் ஓட்டைப் போட்டான்.

சட்டியைக் குலுக்கினார்கள். மீன் நிறைய விழும் முதல் இடத்துக்குத் தேசப்பனின் ஓடு வந்தது.

அன்றைக்கு ஏரியில் சடையன் உட்பட எல்லோரும் வலை போட்டார்கள். அந்த ஓரிடத்தில் மட்டும் யாரும் போடவில்லை.