மேய்ச்சல் வரிப் பேச்சு

மேய்ச்சல் வரி கட்டாமல் காட்டுக்குள் விட்டதற்காக மதினியின் ஆடுகளைப் பாரஸ்ட் கார்டு பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூர் பவுண்டுப் பட்டியில் அடைத்துவிட்டார். வெள்ளைக்காரன் காலம். மீட்பதற்காக இராஜபாளையத்தில் நாங்கள் ஏறிய பஸ்ஸில் எங்கள் பக்கத்துச் சட்டசபை மெம்பர் உட்கார்ந்திருந்தார். பெரிய தொந்தி, அதன்மேல் சபை நடவடிக்கைப் புத்தகம். சபையில் தான் பேசியதைத் தானே உரக்க வாசிப்பது அவர் வழக்கம். 'கரகோஷம்' என்று அச்சாகியிருந்தால் அதையும் விடாமல் வாசிப்பார்.

மதினி ஆடு பிடிபட்டதைச் சொன்னதும், "இந்த மேய்ச்சல் வரியை எதுத்துப் பதினாலு வருசமாப் பேசுதேன் தாயி" என்றார்.

"பேசி எம்புட்டுக் குறைச்சாக?" என்றாள் மதினி.

"ரெண்டு தடவை ஏத்திட்டாக" என்றார், முகம் கோணாமல்.

எங்களோடு பவுண்டுக்கும் வந்தார். கார்டை உட்காரவைத்து முதல் பக்கத்திலிருந்து வாசித்தார். கார்டு எழுந்தபோதெல்லாம், "செத்த இரும், சர்க்கார் பதில் இனிமேத்தான் வருது" என்று கையைப் பிடித்து இழுத்தார். பதினோராம் பக்கத்தில் கார்டு கதவைத் திறந்து ஆடுகளை விரட்டிவிட்டார்.

"இத்தனை வருசத்துல சர்க்கார் காது குடுத்துக் கேட்டது இன்னைக்குத்தான் தாயி" என்றார் மெம்பர். கண் கலங்கியிருந்தது.

கார்டு நியாயம் புரிந்து திறந்தாரா, தாங்கமுடியாமல் திறந்தாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியவில்லை. மெம்பரின் அந்த முகத்தைப் பார்த்தபிறகு கார்டிடம் கேட்கவும் மனம் வரவில்லை.