புடவை மடிப்பில் போன கடைசி அத்தியாயம்

அந்தப் படத்தை எடுத்தவர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. கதையை எழுதி அதை அவர்களிடம் தூக்கிக் கொடுத்தவர் மேலும் கொஞ்சம் கோபம் உண்டு. என் மேல் இருந்த கோபம் மட்டும் ஆறிவிட்டது. அது எப்படி என்று சொல்கிறேன்.

அறுபதுகளின் கடைசியில் சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் மத்தியான வேளையில் தார் சுற்றுவோம். தறிக்கு வேண்டிய பட்டு நூலை ராட்டினத்தில் சின்னக் குச்சிகளில் சுற்றுகிற வேலை அது. நானும் தெருவில் மூன்று பெண்களும். அவர்களுக்கு எழுத்து தெரியாது. நான் எட்டாவது வரை படித்தவள். அதனால் எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. வாரப் பத்திரிகையில் வரும் தொடர்கதையை நான் உரக்கப் படிப்பேன். என் பங்குத் தாரை அவர்கள் சுற்றிவிடுவார்கள். படித்த பக்கங்களைக் கிழித்து, கழிவு நூலால் சேர்த்துத் தைத்து வைப்பேன்.

நான் சொல்லும் கதை ஒரு வருஷத்துக்கு மேல் வந்தது. தாலுகா ஆபீஸ் குமாஸ்தா ஒருவனின் மனைவியைப் பற்றியது. அவன் ஊருக்கெல்லாம் நல்லவன். கோயிலில் முன்வரிசையில் கண்ணை மூடிக்கொண்டு நிற்பான். வீட்டுக்கு வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு அவளை அடிப்பான். அந்த மாதிரி ஆளை எங்கள் எல்லோருக்கும் தெரியும். எந்தத் தெரு, எந்த வீடு என்றுகூடத் தெரியும். ஆனால் அச்சில் வந்து நாங்கள் பார்த்ததில்லை. எங்களில் எதிர்வீட்டுத் தெலுங்குக்காரி ராட்டினத்தை நிறுத்திவிட்டு, "இவன கேக்கறதுக்கு அந்தத் தெருவுல ஒரு ஆம்பள இல்லியா?" என்பாள். அப்போது கல்யாணம் ஆகாமல் இருந்த என் தங்கையும் தூணில் சாய்ந்துகொண்டு கேட்பாள்.

கடைசி அத்தியாயம் வந்த வாரம் கருடசேவை. தெரு முழுக்க விருந்தாளிகள். யாருக்கும் உட்கார நேரமில்லை. நான் மட்டும் அடுப்படியில் நின்றபடியே அவசர அவசரமாகப் படித்துவிட்டு, தாள்களைக் கிழித்து அலமாரியில் வைத்தேன். இரண்டு நாள் கழித்து அவர்களுக்குப் படித்துக்காட்டலாம் என்று எடுக்கப் போனால் காணவில்லை.

என் வீட்டுக்காரர் எடுத்திருந்தார். புடவையை மடிக்கும்போது சரிகை ஒன்றோடொன்று உரசாமல் இருக்க மடிப்புக்கு நடுவில் தாள் வைப்பது வழக்கம். வெள்ளைத் தாள் தீர்ந்துபோயிருக்கிறது. முகூர்த்தப் புடவை, அவசரம். என் அத்தியாயத்தை எடுத்து வைத்து முதலாளியிடம் கொடுத்துவிட்டார்.

"தாளுதானே, அதுக்கு ஏன் இப்டி குதிக்கற?" என்றார்.

அச்சு மை பட்டில் ஒட்டினால் யார் ஜவாப் சொல்வது என்று முதலாளியிடமும் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். எனக்குக் கொஞ்சம்கூடப் பரிதாபம் வரவில்லை.

ஆகவே முடிவை நான் வாயால் சொன்னேன். அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்புகிறாள். மெட்ராஸுக்குப் போகிறாள். ஆஸ்பத்திரியில் ஆயா வேலை கிடைக்கிறது. ஒரு சின்ன அறையில் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு நிம்மதியாக இருக்கிறாள். திரும்பிப் போகவே இல்லை. பெண்கள் மூவரும் திருப்தியாக எழுந்து போனார்கள்.

அதற்கப்புறம் தங்கையை ஆரணியில் ஒரு தறிக்காரக் குடும்பத்தில் கொடுத்தோம். மூன்றாம் வருஷம் ஒரு காலையில் முதல் பஸ்ஸில் பெட்டியோடு வந்து நின்றாள். இடது மணிக்கட்டு வீங்கியிருந்தது. எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. பெரிய காஞ்சிபுரத்தில் அண்ணன் இருந்தும் அவள் என்னிடம்தான் வந்தாள்.

"கதைல அவ போனா இல்லக்கா? நானும் வந்துட்டேன்" என்றாள்.

காப்பி போட்டுக் கொடுத்தேன். எனக்குப் பெருமையாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

எட்டு மாதம் கழித்து அந்தக் கதை படமாக வந்தது. பெண்கள் நால்வரும் தங்கையோடு பகல் ஆட்டத்துக்குப் போனோம். எனக்கிருந்த ஆசையைச் சொல்லி முடியாது. ஒவ்வொரு பக்கமும் மனப்பாடம். கதையில் அவள் கிணற்றடியில் உட்கார்ந்து தன் கையைத் தானே தடவிக்கொள்ளும் இடத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தேன்.

அந்த இடம் வரவே இல்லை. எப்படி வரும்? புருஷனாக நடித்தவர் பெரிய ஸ்டார். அவர் பெண்டாட்டியை அடித்தால் ஜனங்கள் ஒத்துக்கொள்வார்களா? அதனால் அவர் தங்கமானவர் ஆகிவிட்டார். கொடுமையெல்லாம் மாமியார் தலையில் ஏற்றப்பட்டது. கதையில் அந்த மாமியார் செத்துப்போய் பத்து வருஷம் ஆகியிருந்தது. தோட்டத்தில் ஒரு பாட்டு, கனவில் ஒரு பாட்டு. கடைசியில் கோபித்துக்கொண்டு போன பெண் புத்தி வந்து, கொட்டும் மழையில் ஓடிவந்து புருஷன் காலில் விழுகிறாள். கொட்டகை முழுக்க மூக்கு உறிஞ்சுகிற சத்தம். எனக்கு எதையாவது எடுத்துத் திரை மேல் வீச வேண்டும் போல் இருந்தது.

வெளியே வந்தால் எதிர்வீட்டுக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாத்தாம்மா முடிச்சிருக்கான். நீ இன்னாத்துக்கு மெட்ராஸுக்குப் போய்ட்டான்னு சொன்ன?"

"அப்டித்தான் எழுதியிருந்துச்சு."

"அப்ப சினிமாக்காரனுக்குத் தெரியாதா? அவன் புஸ்தகத்த வெச்சுக்கினுதானே எடுக்கறான். உங்கிட்டதான் கடைசித் தாளே இல்லியே."

தங்கை வீடு வரை எங்களுக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்துபோனாள்.

அண்ணனும் படத்தைப் பார்த்திருந்தார். மறுநாளே வந்தார். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையும் அவருடைய மாமாவும் பேச வருகிறார்கள் என்றார்.

"கதைன்னு ஒண்ணு சொல்லி அவ மனச நீதான் கெடுத்து வெச்சிருக்கற. பாத்தியா, கதைலயே திரும்பிப் போய்ட்டா. இவளும் போவட்டும்."

அந்த அத்தியாயத்தைக் கொண்டுவந்து எல்லோர் முகத்திலும் காட்டுகிறேன் என்று கிளம்பினேன். பக்கத்து ஊரான தாமலில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் எல்லாத் தொடர்கதைகளையும் பைண்டு பண்ணி வைத்திருப்பதாகக் கேள்வி. சனிக்கிழமை பஸ் ஏறிப் போனேன். புத்தகத்தைக் கொடுத்தனுப்ப மாட்டேன், இங்கேயே உட்கார்ந்து படி என்று ஒரு முக்காலியைப் போட்டார்.

கடைசி அத்தியாயத்தைப் படித்தேன். அவள் பெட்டியில் துணிகளை வைக்கிறாள். தெருக்கதவைத் திறக்கிறாள். வாசற்படியில் இறங்கி நிற்கிறாள். மழை பிடிக்கிறது. அவ்வளவுதான். மெட்ராஸ் எங்கே? ஆஸ்பத்திரி எங்கே? பக்கத்தைத் திருப்பினால் தலைவலித் தைலம் விளம்பரம்.

"ஐயா, இதுக்கு மேல பக்கம் இருக்குதா?"

"முற்றும்னு போட்டிருக்குதேம்மா. அதுக்கு மேல இன்னா இருக்கும்?"

அந்த வேலை, அந்த அறை, தனியாகச் சமைத்த சோறு எல்லாம் நானே சேர்த்தது. எப்போது சேர்த்தேன் என்றே தெரியவில்லை. வரதராஜர் சன்னதியில் நிற்கவைத்துக் கேட்டிருந்தால்கூட அச்சில் படித்தேன் என்றுதான் சொல்லியிருப்பேன். சினிமாக்காரர்களைத் திட்டிக்கொண்டே வந்தவள் நான். நானும் அதைத்தான் செய்திருக்கிறேன். அதை நம்பி ஒருத்தி வீட்டை விட்டு வந்திருக்கிறாள்.

திரும்பும் வழியெல்லாம் பொய் சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். யார் தாமல் போய்ப் பார்க்கப் போகிறார்கள்? ஆனால் வீட்டுக்குள் நுழைந்து அவள் முகத்தைப் பார்த்ததும் இருந்ததைச் சொல்லிவிட்டேன்.

அவள் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"அப்ப அந்த ஆஸ்பத்திரி வேலை?"

"நான் சொன்னது."

"ரூமு?"

"அதுவும்தான்."

கொஞ்ச நேரம் பொறுக்கினாள். பிறகு சொன்னாள்: "கதையக் கேட்டு நான் வரலக்கா. அவரு தறி நாடாவால அடிச்சாரு, அதான் வந்தேன். பஸ்ஸுல தனியா வர்றப்ப கதை பேச்சுத் துணைக்கு இருந்துச்சு. அவ்ளோதான்."

நாடா என்றால் ஊடை நூலைக் குறுக்கே ஓட்டுகிற கட்டை. முனையில் இரும்பு இருக்கும். இத்தனை மாதத்தில் எதை வைத்து அடித்தான் என்று நான் அவளைக் கேட்டதே இல்லை. கதையைப் பேசிக்கொண்டிருந்தேனே தவிர அதைக் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். மாப்பிள்ளை புதுச்சட்டை போட்டுக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமாதான் பேசினார். குடும்பம், மானம், மரியாதை என்று ஒரு மணி நேரம். பிறகு அண்ணன் அந்த சினிமாப் பேச்சை எடுத்தார்.

"நீயே பாத்தியேம்மா. எவ்ளோ கஷ்டப்பட்டவ, கடைசில புருஷன்கிட்டதானே வந்தா?"

நான் வாயைத் திறந்தேன். தங்கை என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"சினிமால அவரு அடிக்கவே இல்லியேண்ணா" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "அடிக்காத ஆளுகிட்ட யார் வேணா போவாங்க. இவரு நாடாவால அடிச்சாரு. இல்லன்னு சொல்லச் சொல்லு, இப்பவே பெட்டிய எடுத்துக்கினு வர்றேன்."

எல்லோரும் மாப்பிள்ளையைப் பார்த்தோம். அவர் தலையைத் தூக்கவில்லை.

"இன்னாபா, இல்லன்னு சொல்லேன்" என்றார் மாமா.

மாப்பிள்ளை சொல்லவில்லை. அவருக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை, அந்த மட்டும் நன்றி. மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அண்ணன் அவளுடைய மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வீக்கம் வற்றி வெகுநாள் ஆகியும் எலும்பு ஒரு பக்கம் புடைத்துக்கொண்டுதான் இருந்தது. அதை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். வந்தவர்களை பஸ் ஏற்றிவிட்டு வருகிறேன் என்று அவரே எழுந்தார்.

அவர்கள் போனதும் தங்கை இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். கூடத்திலேயே பாயை விரித்துப் படுத்துத் தூங்கிப்போனாள். வந்த நாளிலிருந்து பகலில் அவள் தூங்கி நான் பார்த்ததில்லை. என் மேல் இருந்த கோபம் அப்போதுதான் ஆறியது. ராட்டினம் வேண்டாம், நாளைக்கு வாங்க என்று தார் சுற்ற வந்தவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பினேன்.

சாயங்காலம் அண்ணன் பஸ் ஸ்டாண்டிலிருந்து வந்தார். வாசலில் நின்று ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"தூங்குறா" என்றேன்.

செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, சத்தமில்லாமல் கூடத்தைத் தாண்டி அடுப்படிக்குப் போய், தண்ணீர் மொண்டு குடித்தார்.