மருந்து பாட்டில் வீடு

எங்கள் சித்திக்கு மன்னிப்புக் கேட்க வராது. சிலருக்கு நீச்சல் வராது, சிலருக்குப் பாட்டு வராது, அந்த மாதிரி. ஒருமுறை சித்தப்பாவின் மூக்குக்கண்ணாடி மேல் உட்கார்ந்து அதை இரண்டாக உடைத்துவிட்டாள். வேறு யாராக இருந்தாலும் ஒரு 'ஐயோ'வாவது சொல்லியிருப்பார்கள். சித்தி எழுந்து, உடைந்த துண்டைத் தூக்கிப் பார்த்து, "உங்க பவர் மாறியிருக்கும். ரொம்ப நாளா சொல்லணும்னு இருந்தேன்" என்று அவரை அப்படியே கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். பவர் மாறவில்லை என்றார் டாக்டர். சித்தி டாக்டரை மாற்றினாள்.

தொழிலும் அதற்குத் தோதாக அமைந்துவிட்டது. சித்தி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, காலடியில் தனக்கென்று தனியாக ஒரு பிரேக் வைத்துக்கொண்டு, எத்தனையோ பேரை ரோட்டுக்கு அனுப்பியிருக்கிறாள். படிக்க வந்தவர்கள் கம்பத்தில் இடித்தால் முதல் திட்டு கம்பத்துக்குத்தான். "இதை யாரு இங்க நட்டது?" என்று கதவைத் திறந்துகொண்டு இறங்குவாள். பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டிருப்பவர்கள் அந்தக் குரலைக் கேட்டதும் கையை எடுத்துவிடுவார்கள்.

இப்படிப்பட்டவள் ஒரு நாள் திடீரென்று, நன்றாக இருக்கிற வீட்டுக்கு வெளிப்பக்கம் முழுவதும் புதுப் பெயின்ட் அடிக்க ஆள் கூப்பிட்டாள். எதற்கு என்று தெருவில் யாருக்கும் புரியவில்லை. சித்தப்பாவுக்கே புரியவில்லை. எனக்குப் புரிந்தது, ஏனென்றால் அதைக் கிளப்பிவிட்டதே நான்தான்.

சித்தி வீடும் எங்கள் வீடும் எதிரும் புதிருமாக இருக்கின்றன. எங்கள் வீட்டில் கீழே ஜெராக்ஸ் கடை, மாடியில் அம்மாவும் நானும். அம்மாவின் அறை ஜன்னல் நேராக சித்தி வீட்டைப் பார்த்தபடி இருக்கும். அக்காவும் தங்கையும் எதிரெதிரே வீடு அமைந்ததில் பூரித்துப் போயிருந்த காலம் ஒன்று உண்டு. சித்தி தன் வீட்டைக் கட்டி முடித்து, நாள் கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு ரோஸ் கலரைத் தேர்ந்தெடுத்து அடித்து, அக்கம்பக்கத்தார் எல்லோரையும் வாசலில் நிற்க வைத்து ஜூஸ் கொடுத்துக்கொண்டிருந்தாள். அம்மா ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தாள். பார்த்ததோடு நிறுத்தியிருக்கலாம்.

அம்மாவின் வேலை அப்படி. துணி ஏற்றுமதி கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவள். எந்தத் துணியைக் கையில் கொடுத்தாலும் கண் நேராகப் பிசிறு இருக்கும் இடத்துக்குத்தான் போகும். தங்கையின் வீடு மட்டும் விதிவிலக்கா என்ன? தெரு முழுக்கக் கேட்கும்படி, "ஏண்டி, இது வீடா, வயித்துவலி மருந்து பாட்டிலா?" என்றாள்.

ஜூஸ் கிளாஸோடு நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அதுதான் வினை. சித்தி அண்ணாந்து பார்த்து, "பாக்கப் பிடிக்கலைன்னா ஜன்னலை மூடிக்கோ!" என்று கத்தினாள். அம்மா டமாரென்று மூடினாள்.

சாயங்காலம் திறந்துவிடும் என்று நினைத்தோம். ஏழெட்டு வருஷமாகியும் திறக்கவில்லை. இருவரும் பேசிக்கொள்ளவும் இல்லை. தெருவில் எதிரெதிரே வந்தால் ஒருத்தி செல்போனைப் பார்ப்பாள், இன்னொருத்தி வானத்தைப் பார்ப்பாள். நான் மட்டும் இரண்டு வீட்டுக்கும் பொது. இரண்டு பேருமே, 'நான் கேட்டேன்னு சொல்லாதே' என்ற முன்னுரையோடு மற்றவளின் இருமல் முதல் ரத்த அழுத்தம் வரை என்னிடம் விசாரிப்பார்கள். எனக்கு எரிச்சலாக வரும். இரண்டு பேரையும் ஒரே காரில் ஏற்றி, கதவைப் பூட்டிவிடலாமா என்றுகூட யோசித்திருக்கிறேன்.

இந்த நிலைமையில் அம்மா குளியலறையில் வழுக்கிக் கணுக்காலை முறித்துக்கொண்டாள். கட்டுப் போட்ட டாக்டர், அறையை விட்டு நகரக் கூடாது என்று சொல்லிவிட்டார். அதுவரை அந்த அறை வெறுமனே தூங்கத்தான். இப்போது பகலெல்லாம் அங்கேயே. காற்று இல்லை, வெளிச்சம் இல்லை. நடுப்பகலில் டியூப் லைட்டைப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். ஜன்னலைத் திறக்கிறேன் என்றால், "வேண்டாம், தூசி" என்பாள். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. சித்தி வழக்கம் போல விசாரித்தபோது ஒன்று விடாமல் கொட்டிவிட்டேன்.

 சித்தி சட்டையில் இல்லாத தூசியைத் தட்டிக்கொண்டாள். மறுநாள் பெயின்ட் காண்ட்ராக்டர்களைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

முதலில் வந்தவர், "மேடம், இந்த ரோஸே எடுப்பா இருக்கே, இதையே அடிச்சிடலாம்" என்றார். அவருக்குத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் அனுப்பினாள். அடுத்தவர் செல்போனில் படம் படமாகக் காட்டி, எல்லாவற்றையும் சூப்பர் என்றார். அவரும் போனார். கடைசியாக வந்த மேஸ்திரி, காதில் பென்சிலைச் செருகிய குண்டு மனிதர். உள்ளங்கையால் சுவரைத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "சுவரு நல்லாத்தானே இருக்கு, எதுக்கு இப்ப மாத்துறீங்க?" என்று கேட்டார்.

"அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு? அடிக்கிறீங்களா, மாட்டீங்களா?"

"அடிக்கிறேன், அடிக்கிறேன்" என்று பென்சிலை எடுத்துக்கொண்டார் மேஸ்திரி.

சாரம் கட்டினார்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார்கள், விரிசலில் பட்டி பூசினார்கள். தெருவில் ஒரே தூசி, ஒரே சத்தம். முன்பக்கச் சுவரில் மாதிரிக்கு என்று சதுரம் சதுரமாக விதவிதமான கலர்களை அடித்து வைத்தார்கள். கம்பத்தையே அதட்டுகிற சித்திக்கு அந்தச் சதுரங்களுக்கு முன்னால் வாய் திறக்கவில்லை. தினமும் காலையில் வந்து நிற்பாள். தலையைச் சாய்த்துப் பார்ப்பாள். எதிர் ஜன்னலை ஒரு கணம் பார்ப்பாள். உள்ளே போய்விடுவாள்.

"உங்க அம்மா இப்பல்லாம் என்ன கலர்ல துணி எடுக்கறா? சும்மாத்தான் கேக்கறேன்" என்றாள் ஒரு நாள்.

"வெளிர் மஞ்சள்."

"ஓ. எனக்கும் அதுதான் தோணிச்சு" என்றாள் சித்தி. தோன்றியிருந்தால் என் பெயரை மாற்றிக்கொள்கிறேன்.

இந்தப் பக்கம் அம்மாவின் நிலைமை இன்னும் மோசம். சத்தம் மட்டும் வருகிறது, என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. "என்ன கலர் அடிக்கிறா? நான் கேட்டேன்னு சொல்லாதே" என்று நச்சரித்தாள். நானும் வீம்புக்கென்றே சொல்லாமல் இருந்தேன்.

"ஜன்னலைத் திறந்து பாரேன்மா."

"எனக்கென்ன வந்துச்சு. அவ வீடு, அவ சுவரு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்புறம், "அந்தப் பழம் நறுக்குற கத்தியை இங்கயே வெச்சிட்டுப் போ, பசிச்சா நானே ஆப்பிள் நறுக்கிக்கறேன்" என்றாள். நான் கத்தியை வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். ஆப்பிள் என்னவோ தினமும் முழுசாகத்தான் இருந்தது.

முன்பக்கம் முழுவதும் வெளிர் மஞ்சள் ஒரு கோட்டு அடித்து முடித்தார்கள். பக்கவாட்டுச் சுவர் இன்னும் பழைய ரோஸிலேயே இருந்தது. அன்று எனக்கு விடுமுறை, சித்தி வீட்டு வாசலில் நின்றிருந்தேன். மேஸ்திரி சாரத்திலிருந்து இறங்கி வந்தார்.

"அடுத்த கோட்டுக்கு முன்னாடி எதிர் மாடியில இருந்து ஒரு தடவை பாக்கணும், மேடம். கிட்ட நின்னு பாத்தா எந்தச் சுவரும் அழகாத்தான் தெரியும். தூரத்துல, உசரத்துல இருந்து பாத்தாத்தான் திட்டுத் திட்டா நிக்கிறது தெரியும். பாக்காம நான் ரெண்டாவது கோட்டு அடிக்கறதே இல்ல." எங்கள் ஜன்னலைக் கை காட்டினார். "அந்த ஜன்னல் சரியா இருக்கும்."

சித்தியின் முகம் சுண்டிவிட்டது. "அந்த ஜன்னல் திறக்காது" என்றாள்.

"ஏன்?"

"திறக்காதுன்னா திறக்காது. விடுங்க."

மேஸ்திரி விடவில்லை. ஜன்னல் திறக்காது என்றால் அவருக்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றுதான். சித்தி உள்ளே திரும்பிய நேரம் பார்த்து, பட்டி பூசும் தகட்டைப் பின்பாக்கெட்டில் செருகிக்கொண்டு தெருவைத் தாண்டி, எங்கள் வீட்டு மாடிப்படி ஏறிவிட்டார். நான் பின்னாலேயே ஓடினேன். அவரைத் தடுக்கத்தான் ஓடினேனா என்று கேட்டால் சத்தியமாக இல்லை.

"அம்மா, வணக்கம். எதிர்வீட்டுல வேலை பாக்குறேன். உங்க ஜன்னல் இறுகிப் போச்சாமே? ஒரு நிமிஷத்துல எடுத்துவிட்டுடறேன்."

அம்மா திகைத்துப் போய் என்னைப் பார்த்தாள். நான் விட்டத்தைப் பார்த்தேன். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. மேஸ்திரி ஜன்னலருகே போய் விளிம்பை விரலால் தடவினார்.

"அதான் பாத்தேன். உங்க வீட்டுக்கு அடிச்சப்போ மூடின ஜன்னல் மேலேயே அடிச்சிட்டுப் போயிருக்கானுங்க. கதவும் சட்டமும் ஒண்ணா ஒட்டிக்கிச்சு. இது ஆனையைக் கட்டி இழுத்தாலும் வராது." சற்றுக் குனிந்தவர் அப்படியே நின்றார். "இது என்னம்மா, இங்க யாரோ ஏற்கெனவே கத்தியால கீறியிருக்காங்க? புதுக் கீறலா இருக்கே. இந்தா, இந்தக் கோடி வரைக்கும் கீறியிருக்காங்க."

நானும் குனிந்து பார்த்தேன். சட்டத்தின் ஓரமெல்லாம் பெயின்ட் பெயர்ந்து, பிசிறு பிசிறாகக் கோடுகள். கீழே தரையில் துணுக்குத் துணுக்காகப் பெயின்ட் தூள். மேசை மேலிருந்த பழக்கத்தி முனை வளைந்திருந்தது. கட்டுப் போட்ட காலோடு, நான் வேலைக்குப் போன பிறகு, கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்று நாள் தவறாமல் கீறியிருக்கிறாள்.

"எலியா இருக்கும்" என்றாள் அம்மா.

மேஸ்திரி தகட்டை இடுக்கில் விட்டுச் சுற்றிலும் ஓர் இழுப்பு இழுத்தார், தோள்பட்டையால் ஓர் இடி இடித்தார். ஜன்னல் திறந்துகொண்டது. அறைக்குள் வெயில் விழுந்தது. அம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு, என் தோளைப் பிடித்து எழுந்து நின்றாள்.

எதிரே சாரத்துக்கு அடியில் சித்தி நின்றிருந்தாள். மேஸ்திரியைத் தேடிக்கொண்டு வெளியே வந்திருக்க வேண்டும். அண்ணாந்து பார்த்தவள் பார்த்தபடியே நின்றாள். கம்பம், டாக்டர், போக்குவரத்து என்று எதற்கும் அசராத சித்தி, பரீட்சை பேப்பருக்குக் கை நீட்டுகிற குழந்தை போல நின்றாள்.

அம்மா அந்தச் சுவரை மேலிருந்து கீழ் வரை, இடமிருந்து வலம் வரை பார்த்தாள். துணி பார்க்கிற அதே பார்வை. நான் மனதுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். அம்மா, தயவுசெய்து வாயைத் திறக்காதே.

"பால்கனிக்குக் கீழ திட்டு நிக்குது" என்றாள் அம்மா.

"எங்க?" என்றாள் சித்தி.

"அங்கதான். இன்னும் இடது பக்கம். இன்னும் கீழ."

"இங்கயா?" ஈரம் காயாத சுவரில் சித்தி உள்ளங்கையை அப்படியே வைத்தாள்.

"ஆமா, அங்கதான். கையை எடுடி, பெயின்ட்!"

மஞ்சள் கையைத் தூக்கிப் பிடித்தபடி சித்தி கேட்டாள். "கலரு?"

அம்மா என் தோளை இறுக்கிப் பிடித்தாள். "பழைய கலரே நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள்.

சித்தி வெடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். வெடிக்கத்தான் செய்தாள், ஆனால் நான் நினைத்த மாதிரி இல்லை.

"அதை அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதாக்கா!"

"நீதானே ஜன்னலை மூடச் சொன்னே?"

"நான் சொன்னா கேக்குற ஆளா நீ?" சித்தி நடுத்தெருவுக்கு வந்துவிட்டாள். முகத்தைத் துடைத்ததில் கன்னமெல்லாம் மஞ்சள். "என்னைக்காவது நான் சொன்னதைக் கேட்டிருக்கியா? பிறந்ததுல இருந்து ஒரு தடவை, ஒரே ஒரு தடவையாவது? இந்த ஒண்ணை மட்டும் ஏன்க்கா கேட்டே?"

அம்மா மூக்கை உறிஞ்சினாள். பிறகு, "மேல வா. இங்க இருந்து பாத்தாத்தான் தெரியும்" என்றாள்.

சித்தி ஓடி வந்தாள். எங்கள் கேட்டிலும் கைப்பிடியிலும் மஞ்சள் விரல்கள் பதிந்தன. மூச்சு வாங்க ஜன்னலருகே வந்து அக்காவை ஒட்டி நின்றாள். தன் வீட்டை அந்த உயரத்திலிருந்து இன்றுதான் பார்க்கிறாள். முன்பக்கம் மஞ்சள், பக்கவாட்டில் மிச்சமிருந்த ரோஸ். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

"அக்கா, அந்த ரோஸு நிஜமாவே மருந்து பாட்டில் மாதிரிதான் இருக்கு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சித்தியிடமிருந்து வாழ்நாளில் இவ்வளவுதான் கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும், ஆனால் அவள் விட்டால்தானே?

"சும்மா இரு, அதெல்லாம் இல்ல. அந்த ரோஸுக்கு என்ன குறை?"

"குறையா? நீதானே சொன்னே?"

"நான் ஆயிரம் சொல்லுவேன். எனக்கு ரோஸுதான் பிடிச்சிருக்கு."

"என் வீட்டுக்கு என்ன கலர்னு எனக்குத் தெரியாதா?"

"பாக்கறது யாரு, நீயா நானா?"

மேஸ்திரி தகட்டைத் துடைத்துக்கொண்டே என்னிடம் மெல்ல வந்தார். "பாப்பா, இப்ப நான் ரெண்டாவது கோட்டு மஞ்சள் அடிக்கவா, ரோஸ் அடிக்கவா?"

"அவங்க பேசி முடிக்கட்டும், மேஸ்திரி."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

ஜன்னலில் இரண்டு முதுகுகள். ஒருத்தி கையை நீட்டி எதையோ காட்ட, இன்னொருத்தி அந்தக் கையைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். அம்மாவின் நைட்டி தோள்பட்டையில் ஒரு மஞ்சள் உள்ளங்கை.

"பேச வேண்டியது நிறைய பாக்கி இருக்கு" என்றேன். "நீங்க போய் நிதானமா சாப்பிட்டுட்டு வாங்க."