காற்றுக்கு முதுகு காட்டிய குழாய்

ஊதுபத்திப் புகை ஆடாமல் அசையாமல் நூல் பிடித்தாற்போல் மேலே போனால் எனக்கு இன்றைக்கும் ஆகாது. பக்தியோடு பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். நான் முதன்முதலில் அப்படி ஒரு புகையைக் கவனித்தபோது என் மகன் மடியில் மூச்சு வாங்கிக் கிடந்தான். பிறந்து நாற்பது நாள்.

எழுபதுகளின் தொடக்கம். இலங்கைத் தேயிலை மலையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட எங்களுக்கு நிக்கோபாரில் இருக்கிற கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் வேலை என்று சொல்லி, போர்ட் பிளேயரில் கப்பல் ஏற்றினார்கள். தீவு கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் நங்கூரம் போட்டாயிற்று. அலை அடங்கினால்தான் படகில் இறக்க முடியுமாம். இரண்டு நாளாக அங்கேயே நின்றோம். ஓடுகிற கப்பலுக்கு அதன் ஓட்டமே காற்று. நின்றுபோன கப்பலின் அடித்தட்டில் நாங்கள் ஐம்பது அறுபது பேர் வெந்துகொண்டிருந்தோம். தலைக்கு மேலே இரும்புத் தளம் வெயிலில் தோசைக்கல்லாகக் காய்ந்து, சூடு அப்படியே கீழே இறங்கியது. எங்களுக்கு வாய்த்தது மேல்படுக்கை. சூடான காற்று உயரத்தில்தான் போய்த் தங்கும் என்பதை எந்தப் பள்ளிக்கூடமும் எனக்குச் சொல்லித் தரவில்லை, அந்தப் படுக்கைதான் சொல்லித் தந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தரைக்கு இறங்கினேன். மேலே போகவும் வழியில்லை. அலை தெறிக்கும் என்று ஏணிக் கதவைச் சாத்தியிருந்தார்கள். மற்றவர்கள் திறந்து போய்வந்து சாத்திக்கொள்ளலாம், கைக்குழந்தைக்காரிகள் மட்டும் வெளியே வரக்கூடாது என்று கண்டிப்பு.

அடித்தட்டின் காற்றுக்காக மேல்தளத்தில் இரண்டு பெரிய இரும்புக் குழாய்கள் நின்றன. வளைந்த கழுத்து, அகன்ற வாய். ஒன்று எங்கள் தலைக்கு மேலே, மற்றது அந்தக் கோடியில். பிடித்துத் திருப்பினால் எந்தத் திசைக்கும் திரும்பும். என் மாமியார் தோட்டத்தில் கங்காணியையே நடுங்கவைத்தவர். அவர் சும்மா இருப்பாரா?

"ஒரு வாயி காத்தக் குடிக்கிது, இன்னொன்னு பேன்னு வேற பக்கம் பாத்துக்கிட்டு நிக்கிது. ரெண்டையும் காத்துக்கு நேரா திருப்புங்கடா!"

இளவட்டங்கள் ஓடிப்போய் எங்கள் குழாயையும் காற்றடிக்கும் திசைக்குத் திருப்பிவைத்தார்கள். ஒரு வாயைவிட இரண்டு வாய் அதிகம் குடிக்கும் என்பது எங்கள் எல்லாருக்கும் நியாயமாகத்தான் பட்டது.

அதற்குப் பிறகு இருந்த கொஞ்சநஞ்சக் காற்றும் செத்துப்போனது. ஏன் என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. பிள்ளை பால் குடிப்பதை நிறுத்தினான். பிறகு அழுகையையும் நிறுத்தினான். அழாத பிள்ளையைப் போலப் பயங்காட்டுவது உலகத்தில் வேறு கிடையாது. மாமியார் மாரியம்மன் படத்துக்கு ஊதுபத்தி கொளுத்திவைத்துவிட்டு, குழாயை யாரும் மாற்றிவிடாதபடி காவல் காக்க மேலே போனார். நான் ஈரத்துணியைப் பிள்ளைமேல் போட்டேன். வெந்நீரில் நனைத்த மாதிரி இருந்தது. புகை நேராக ஏறி, தளத்தில் முட்டி, அங்கேயே குடைவிரித்து நின்றது.

அப்போது குழாய்க்குள்ளிருந்து மேலே நடக்கிற சண்டை கேட்டது. மாலுமிகளுக்குத் தலைவரை செராங் என்பார்கள். அவர் வந்து எங்கள் குழாயில் கை வைத்துவிட்டார்.

"தொடாத! கீழ எம் பேரன் கெடக்கான். இருக்குற காத்தையும் புடுங்கப் பாக்குறியா?" மாமியார் குரல்.

"சுனோ அம்மா. ரெண்டும் குடிச்சா உள்ள இருக்கிற ஹவா எங்க போகும்? ஒண்ணு குடிக்கணும், ஒண்ணு துப்பணும்."

"துப்புறதுக்கு வேற எடம் பாரு போ!"

இரும்பு கிறீச்சிட்டது. எங்கள் குழாய் காற்றுக்கு முதுகைக் காட்டித் திரும்பிவிட்டது. ஐயோ, போச்சே என்று பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

புகை நடுங்கியது. சாய்ந்தது. பிறகு யாரோ மேலிருந்து நூலைச் சுண்டி இழுத்ததுபோல் எங்கள் குழாய்க்குள் ஏறி ஓடியது. அந்தக் கோடியில் தொங்கிய ஒரு புடவை அசைந்தது, அதற்கடுத்த புடவை, அதற்கும் அடுத்தது. காற்று நடந்து வருவதை நான் கண்ணால் பார்த்தேன்! மெய் சிலிர்த்துப் போயிற்று. வேண்டாம் என்று முதுகைக் காட்டினால் வருகிறதே, இது என்ன அதிசயம்! ஈரத்துணி சில்லிட்டது. பிள்ளை உடம்பை உதறி, வாயைத் திறந்து வீறிட்டான்.

மேலே மாமியார் குழாயின் வாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு செராங்கைத் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தாராம். உள்ளேயிருந்து அனல் குபீரென்று அவர் முகத்தில் அடித்தது. அதில் அவர் கொளுத்திய ஊதுபத்தி வாசம். கூடவே பேரனின் அழுகை. கீழே ஓடிவந்து என் காலடியில் உட்கார்ந்துவிட்டார். "அத்தன சூட்டையும் புள்ள மேல நாந்தாண்டி பூட்டி வச்சிருந்தேன்" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். மலையிலிருந்து பொத்திப் பொத்திக் கொண்டுவந்த தேயிலைப் பொட்டலத்தைச் செராங் கையில் வைத்து "இந்தாய்யா" என்றார். 

இப்போது நாங்கள் போர்ட் பிளேயரை ஒட்டிய புரோத்ராபூரில் மகன் வீட்டில் இருக்கிறோம். அவனுக்கே ஐம்பது தாண்டிவிட்டது. அவன் அப்பாயியின், அதாவது காலமான என் மாமியாரின், படத்தைப் பின்வாசலுக்கு மேலேதான் மாட்டுவேன் என்று நான் பிடித்த பிடிவாதம் அவனுக்கு இன்றுவரை புரியவில்லை. நேற்று மதியம் கரண்ட் போனது. முன்பக்கத்து ஜன்னல்களையெல்லாம் திறந்துவைத்தும் ஒரே புழுக்கம். ஊதுபத்திப் புகை நூலாக நின்றது. நான் எழுந்துபோய்ப் பின்கதவைத் திறந்தேன்.

"காத்து முன்னாடி இருந்துதானேம்மா வருது? பின்கதவ எதுக்குத் தொறக்குற?" என்றான்.

புகை நடுங்கிச் சாய்ந்து, அவனைத் தாண்டிப் பின்வாசலுக்கு ஓடியது.

"உள்ள இருக்குற அனலு ஒங்க அப்பாயி மூஞ்சில அடிக்கட்டும்டா, விடு" என்றேன்.