மூடும்வரை பொறு

ஓய்வூதியம் தொடங்கிய பிறகு நான் ஒரு மொழி செய்தேன். ஜெர்மனியில் காப்புறுதி நிறுவனமொன்றில் கணினி நிரல் எழுதியே தலை நரைத்தவன். அங்கே ஒரு புதிய கட்டளைச் சொல்லைச் சேர்க்க மூன்று குழுக்கள் கூடி ஒப்புதல் தர வேண்டும். வீட்டிலோ விண்ணப்பிப்பவனும் நான், ஒப்புதல் தருபவனும் நான். ஒருமுறை என் விண்ணப்பத்தை நானே திருப்பியும் அனுப்பினேன், பழக்கதோஷம்.

மொழியின் தேவை டோர்ட்மண்டில் மரக்கறி இறக்குமதி செய்யும் ஒரு பெண்ணிடமிருந்து வந்தது. கொழும்பிலிருந்து வரும் அவளுடைய பெட்டிகளைப் பற்றி விமான நிலையச் சரக்கு முகவர் நாள் முழுக்க எக்ஸ்எம்எல் வடிவில் செய்தி அனுப்புவார். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு தொடக்கக் குறி, நடுவில் எடை, சுங்க அனுமதி போன்ற விவரங்கள், பிறகு முடிவுக் குறி. அவளுடைய பழைய நிரல், எல்லாம் வந்து முடியட்டும் என்று சேர்த்துக்கொண்டே இருந்து, மத்தியானத்துக்குள் நினைவகம் நிறைந்து விழுந்துவிடும். அனுமதி இல்லாத கீரைப்பெட்டி யாரும் அறியாமல் கிடங்கில் அழுகும்.

“இன்னொருக்கா அழுகின கீரை குடுத்தனெண்டால் கடைக்காரர் எல்லாம் ஹொலண்ட்காரனிட்டப் போயிடுவினம், அண்ணை.”

ஆகவே செய்தியை ஓடவிட்டபடியே பொருத்திப் பார்க்கும் ஒரு சிறு மொழி. எவ்வளவு குறைவாக நினைவில் வைத்தால் போதும் என்பதுதான் எனக்குச் சுவையான கேள்வி. முதல் விதி: ‘பெட்டிக்குள் அனுமதி இல்லையென்றால் சொல்.’ எல்லாப் பெட்டிக்கும் எச்சரிக்கை மணி அடித்தது. எடை வந்தவுடனேயே ‘அனுமதி இல்லை’ என்று அலறியது. அனுமதி அடுத்த வரியில் வந்துகொண்டிருந்தது.

அவள் தொலைபேசியில் அழைத்தாள். “வெண்டிக்காய்க்கும் அடிக்குது, வாழைப்பூவுக்கும் அடிக்குது. உங்கட மொழிக்கு என்ன, காய்ச்சலோ? வெள்ளிக்கிழமை என்னைச் சந்திக்கச் சுங்கத்தில டெர்மின் தந்திருக்கினம், அதால உங்கட வீட்டை வர...”

“நல்லது, வாங்கோ. தேத்தண்ணி போட்டு வைக்கிறன்.”

“வர ஏலாது எண்டு சொல்ல வந்தனான். வசனத்தை முடிக்க விடுங்கோ அண்ணை!”

தொலைபேசியை வைத்த பிறகும் அந்த ‘ஏலாது’ என்னை விடவில்லை. மறுப்பைக் கடைசியில் வைப்பது தமிழ். ஜெர்மன்காரரும் சந்திப்புக்கு வருகிறார்களா, ரத்துசெய்கிறார்களா என்பதை வாக்கியத்தின் கடைசி அசையில்தான் சொல்வார்கள். இரண்டுக்கும் நடுவில் இத்தனை காலம் வாழ்ந்தவன் செய்த மொழி மட்டும் பாதி வசனத்தில் பதில் சொல்கிறது. ‘இருக்கிறது’ என்பதைக் கண்டவுடன் சொல்லலாம். ‘இல்லை’ என்பதை முடிவுக் குறி வரும்வரை சொல்ல முடியாது. விதியை ‘அனுமதி வராமல் மூடினால் சொல்’ என்று மாற்றினேன். திறந்திருக்கும் பெட்டிக்கு ஓர் அடையாளம் மட்டும் நினைவில் இருக்கும். மூடியதும் அதுவும் மறந்துபோகும்.

அடுத்த வாரம் மணி ஒரேயொரு பெட்டிக்கு அடித்தது. அவள் உடனே முகவரைப் பிடித்தாள். விடுபட்ட பத்திரத்தை அனுப்பிவைத்தாள். பின்னேரம் பெட்டி வந்தது.

“முருங்கையிலை பச்சையா நிக்குது, அண்ணை! அதுசரி, முடிவுக் குறியே வராட்டி உங்கட மொழி என்ன செய்யும்?”

“பேசாமல் இருக்கும்.”

“அப்ப என்ர கீரை?”

இதை நான் யோசிக்கவில்லை. காத்திருக்கப் பழகிய மொழிக்கு இனி மணிக்கூடு பார்க்கவும் பழக்க வேண்டும். கீரை எவ்வளவு நேரம் தாங்கும் என்று கேட்டேன்.

“அது கோடையோ மாரியோ எண்டதைப் பொறுத்தது” என்றாள். கோடைக்கு என்ன கட்டளைச் சொல் வைப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.