அச்சிட்டால் மட்டும் சரியாகும் எண்

நாவலூர் ஆபீசில் என் புரோகிராம் புது கம்ப்யூட்டரில் ஒழுங்காக ஓடியது. பழைய கம்ப்யூட்டரில் மட்டும், சமமாக இருக்க வேண்டிய இரண்டு தசம எண்களைச் சமமில்லை என்று அடம்பிடித்தது. எண்ணைக் கண்ணால் பார்த்துவிடலாம் என்று நடுவில் அதைத் திரையில் காட்டச் சொல்லும் ஒரு பிரிண்ட் வரி போட்டேன். உடனே சமம் என்றது. வரியை எடுத்தேன், மறுபடி தகராறு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பக்கத்து சீட்டு நண்பன்தான் சொன்னான்: "கணக்கு போடறப்ப பழைய சிப் உள்ளுக்குள்ள எக்ஸ்ட்ரா டிஜிட் வச்சுக்குது மச்சான். பிரிண்ட் பண்ணச் சொன்னா மெமரிக்கு அனுப்புது, அங்க வால் கட் ஆயிடுது. நீ பார்க்கறப்ப மட்டும் நல்ல பிள்ளையா நடிக்குது."

காரணம் தெரிந்தும் மனம் அடங்கவில்லை. சாயங்காலம், தோண்டிப் போட்டிருந்த ஓ.எம்.ஆர். சாலையில் வீட்டுக்குப் போகும் பஸ் ஊர்ந்தது. யாரும் பார்க்காதபோது இன்னும் எது எதெல்லாம் தப்பாக ஓடிக்கொண்டிருக்கிறதோ என்ற குடைச்சல் தாம்பரம் வரை விடவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி என் முகத்தைப் பார்த்தாள். "ஏன் ஒரு மாதிரி இருக்கீங்க? ஆபீஸ்ல எல்லாம் ஓகேதானே?"

"எல்லாம் ஓகே" என்று சிரித்தேன்.

அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் எனக்குள் மறுபடி தகராறு.