இரண்டு கையில் ஒரே கயிறு

சென்ற செவ்வாய்க்கிழமை மதியம் பள்ளிக்கூடத்திலிருந்து போன். ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள் யாழினி ஒரு பிரச்னையில் மாட்டியிருக்கிறாளாம். உடனே வர முடியுமா?

பள்ளிக்கூடம் இருக்கும் இண்டூர் போய்ச் சேரும்வரை என்னென்னவோ யோசித்தேன். மார்க்கா? மொபைலா? யாரையாவது அடித்துவிட்டாளா?

பிரச்னை ஹெட்மிஸ்ட்ரஸ் மேஜைமேல் கிடந்தது. கம்பளி நூலில் பின்னிய இரண்டு கயிறுகள். இரண்டிலும் அதே இரண்டு கலர். ஒன்று யாழினி கையிலிருந்து அறுத்தது. மற்றது அவளோடு ஒரே பெஞ்சில் உட்காரும் ரூபியின் கையிலிருந்து.

கையில் கலர் கயிறு கட்டக்கூடாது என்பது பள்ளி விதி. ஏனென்று நம் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. என்ன ஜாதி என்பதை வாய் திறக்காமல் சொல்லிவிடும் கயிறு அது. அதைப் பார்த்துப் பையன்கள் கூட்டம் சேர்வதும், சேர்ந்த பிறகு அடித்துக்கொள்வதும்... இந்த விதி வேண்டும் என்று இதே பத்திரிகைப் பத்தியில் முன்பு எழுதியவள் நான்.

ஹெட்மிஸ்ட்ரஸ் அதை மறக்கவில்லை. "ஊருக்கே எழுதறீங்க, வூட்ல பாக்கறதில்லைங்களா மேடம்?"

யாழினி கட்டியிருந்தது எங்கள் ஜாதிக் கலராம். சரி. ஆனால் ரூபி வேறு தெரு, வேறு ஜாதி. அவள் கையில் ஏன் அது? யாராவது மிரட்டிக் கட்டவைத்தார்களா? இது பி.டி. டீச்சரின் சந்தேகம். இரண்டு பிள்ளைகளையும் தனித்தனியாக உட்காரவைத்து விசாரித்திருக்கிறார்கள்.

இரண்டு பேரும் ஒரே பதிலைத்தான் சொல்லியிருக்கிறார்கள். கிராஃப்ட் பீரியடில் வாசல் தோரணம் பின்னினார்களாம். மிஞ்சிய நூலில் ஆளுக்கொரு கயிறு பின்னி, ஒருத்தி கையில் மற்றவள் கட்டிவிட்டாளாம். நூல் வாங்கித் தந்தது யார்? பள்ளிக்கூடம்தான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து நாற்காலியில் ரூபியின் அம்மா செல்வி இருந்ததால் அடக்கிக்கொண்டேன். அவர் நர்ஸ். பர்மிஷன் போட்டு யூனிஃபார்மோடு வந்திருந்தார்.

"எம்புள்ள கட்டுனதுதான் தப்புங்களா?" என்று மட்டும் கேட்டார்.

ஹெட்மிஸ்ட்ரஸ் கோபப்படவில்லை. "தப்புன்னு சொல்லலீங்க. நாளைக்குப் பஸ்ல எவனாவது பாத்துட்டு, எங்க கலர நீ எப்படிக் கட்டலாம்னு கேட்டா... அந்தப் புள்ள என்னங்க பண்ணும்?"

சட்டென்று எனக்குக் கோபம் வந்தது — யார்மேல் என்றுதான் தெரியவில்லை. ஆளுக்கொரு பேப்பரில் கையெழுத்துப் போட்டோம். கயிறுகள் குப்பைக் கூடைக்குப் போயின. வெளியே வந்ததும் செல்வி முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. வண்டிச் சாவியைத் தேடுவதுபோல் பையைக் கிளறிக்கொண்டே நின்றேன்.

மூன்று நாளாகக் குழம்பிக்கொண்டிருக்கிறேன். காலையில் ஒரு முடிவு, சாயங்காலம் வேறொன்று. விதி சரி. டீச்சர்கள் நல்லவர்கள். ரூபிக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாது என்ற பயமும் நியாயம்தான். அப்புறம் தப்பு எங்கே நடந்தது? இதையெல்லாம் பிள்ளைகளிடம் பேசாமல் விட்டால் பஸ்ஸில் கற்றுக்கொள்வார்கள். பேசினால்...

அன்று யாழினி அழவெல்லாம் இல்லை. வீட்டுக்கு வந்து பஜ்ஜி தின்றுகொண்டே கேட்டாள். "ம்மா, அது நம்ம கலர்னு டீச்சர் சொன்னாங்க. ரூபியோட கலர் எதும்மா?"

"எதுக்குக் கேக்கற?"

"நம்ம கலர அவ கட்டக்கூடாதாம். அதான், அவ கலர்லயே அவளுக்கு ஒண்ணு பின்னித் தரலாம்னு."

தெரியாது என்றேன். நம்பிவிட்டாள்.

எல்லாக் கலரும் எனக்குத் தெரியும். யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்பதுதான் ஞாபகமில்லை.